பேலியோல இருந்து லோ ஜிஐக்கு மாறுறது எப்படி? அரிசி வழியா திரும்பாதீங்க, பயறு வழியா திரும்புங்க

ரெண்டரை வருஷம் ஸ்ட்ரிக்டா பேலியோ (அரிசி, தானியம், பருப்பு எல்லாத்தையும் ஒதுக்கிட்டு கறி, முட்டை, பாதாம், காய்னு சாப்டுற முறை) இருந்தேன், அதுல இருந்து லோ ஜிஐ, அதாவது சுகர மெதுவா ஏத்துற சாப்பாட்டுக்கு மாறி ஒன்னேகால் வருஷம் ஆச்சுங்க. முதல் தடவ தப்பா மாறி அஞ்சே வாரத்துல நாலு கிலோ ஏறிடுச்சு, பயந்து போய் திரும்ப பேலியோக்கே ஓடிட்டேன். ரெண்டாவது தடவதான் சரியா வந்துச்சு. பேலியோவ விடணும்னு நெனச்சுக்கிட்டு ஆனா சுகர் ஏறிடுமோ வெயிட் வந்துடுமோன்னு பயத்துலயே இருக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனால என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு முழுசா எழுதிடறேன்.

பேலியோவ குறை சொல்ல வரலைங்க. என் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்டு) 7.4ல இருந்து 5.8க்கு வந்தது அதாலதான், 82 கிலோ 67 ஆனதும் அதாலதான். ஆனா கடைசி ஆறு ஏழு மாசமா மலச்சிக்கல் விடவே இல்ல, எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு ஏறிக்கிட்டே போச்சு, வீட்ல எல்லாருக்கும் ஒரு சமையல் எனக்கு ஒரு சமையல்னு ரெண்டு அடுப்பு எரிஞ்சுது, விசேஷ வீட்டுக்குப் போனா பந்தியில உக்கார பயம். வாழ்நாள் முழுக்க இப்படி இருக்க முடியாதுன்னு தெரிஞ்சப்பதான் வேற வழி தேட ஆரம்பிச்சேன்.

மாத்திரை எடுக்கறவங்க இந்த ஒரு பத்திய மட்டும் தாண்டிடாதீங்க. பேலியோ மாதிரி லோ கார்ப்ல (மாவுச்சத்து ரொம்பக் கம்மியான சாப்பாட்டுல) இருக்கும்போது சுகர் லோ ஆகிடக்கூடாதுன்னு டாக்டர் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இதெல்லாம் குறைச்சிருப்பாங்க, இல்ல நிறுத்தியிருப்பாங்க. நீங்க மறுபடி மாவுச்சத்த உள்ள கொண்டு வரும்போது அந்தக் கணக்கு மாறும், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுத்துக்கிட்டே ஸ்ட்ரிக்ட் லோ கார்ப் இருக்கறவங்களுக்கு சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறுற ஆபத்து இருக்கு. வாந்தி, மூச்சு வாங்குறது, ரொம்ப அசதின்னு வந்தா மீட்டர்ல சுகர் நல்லாத்தான இருக்குன்னு வீட்ல இருந்துடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. கிட்னி பிரச்சன இருக்கறவங்களுக்கு பயறு வகையில புரோட்டீன், பொட்டாசியம் கணக்கு வேற, அவங்க நான் சொல்ற அளவ அப்படியே எடுத்துக்காதீங்க. டைப் 1 இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க தனியா முயற்சி பண்ணவே வேண்டாம்.

சரி, ஜிஐனா என்ன? கிளைசிமிக் இண்டெக்ஸ். 1981ல டொரன்டோ யுனிவர்சிட்டில டேவிட் ஜென்கின்ஸும் அவர்கூட இருந்தவங்களும் கொண்டு வந்த கணக்கு. 50 கிராம் மாவுச்சத்து இருக்கற அளவுக்கு ஒரு சாப்பாட்ட குடுத்து, ரெண்டு மணி நேரம் ரத்தத்துல சுகர் எவ்வளவு ஏறி இறங்குதுன்னு பாத்து, அதே 50 கிராம் குளுக்கோஸ் குடிச்சா ஏறுறத 100னு வெச்சு ஒப்பிடுவாங்க. 55ம் அதுக்குக் கீழயும் லோ, 56ல இருந்து 69 வரைக்கும் நடுத்தரம், 70ம் அதுக்கு மேலயும் ஹை. உலகம் முழுக்க அளந்த நம்பர எல்லாம் சேத்து வெச்ச பட்டியல்ல கொண்டக்கடலை 28, ராஜ்மா 24, ஆப்பிள் 36, கேரட் 39, பால் 39, வாழப்பழம் 51, கோதுமை பிரெட் 74, வேகவெச்ச உருளைக்கிழங்கு 78, கார்ன்ஃப்ளேக்ஸ் 81னு சராசரி போட்டிருக்காங்க. நம்ம கடலப்பருப்பு 11க்குப் பக்கத்துல. இந்த நம்பர முதல்ல பாத்தப்ப எனக்கு நம்பவே முடியல, ஏன்னா ரெண்டரை வருஷமா நான் தொடாம ஒதுக்கி வெச்சதே இந்த கடலப்பருப்பையும் கொண்டக்கடலையையும்தான்.

ஆனா நம்பர மட்டும் பிடிச்சுக்கிட்டாலும் ஏமாந்துடுவோம், அளவும் பாக்கணும். தர்பூசணி ஜிஐ 76, ஆனா 100 கிராம் பழத்துல மாவுச்சத்து ஏழரை கிராம்தான், அப்ப 7.5ஐ 76ஆல பெருக்கி 100ஆல வகுத்தா 6க்கும் கம்மி. இதுக்குப் பேரு கிளைசிமிக் லோடு, 10க்குள்ள இருந்தா கம்மி, 20க்கு மேல போனா அதிகம். அதே ஒரு கப் பொன்னி அரிசி சோத்துல சுமாரா 45 கிராம் மாவுச்சத்து, ஜிஐ 70, லோடு 31க்கு மேல போயிடுது. அரை கப்னா பாதிதான். சோறே ஆகாதுன்னு இல்ல, குவிச்சு வெச்ச தட்டுதான் ஆகாதுங்கறது இந்தக் கணக்குல தெளிவா தெரியுது.

முதல் தடவ நான் செஞ்ச தப்பு ரெண்டு. ஒன்னு, பேலியோவ விடறோம்னு நேரா இட்லிக்கும் சோத்துக்கும் போனது. ரெண்டு, காலையில சாப்டுற 100 பாதாமயும் பட்டர் டீயையும் நிறுத்தாம இட்லியையும் சேத்துக்கிட்டது. 100 பாதாம் கிட்டத்தட்ட 700 கலோரி, அதுக்கு மேல மூணு இட்லி சட்னி, மதியம் நெய் விட்டு சோறு. லோ கார்ப்ல அந்தக் கொழுப்புதான் எரிபொருள், அது இருந்தே ஆகணும். மாவுச்சத்து உள்ள வரும்போது கொழுப்பு அதுக்குத் தக்கன இறங்கியே ஆகணும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னா வெயிட் ஏறாம வேற என்ன ஆகும்.

ரெண்டாவது தடவ எனக்கு வழி காட்டுனது எங்க அத்தைதாங்க. கொங்குப் பக்கம் எங்களுக்கு கொள்ளு இல்லாத வீடே கிடையாது. ஒரு நாள் கொள்ளுப்பருப்பு கடைஞ்சுட்டு என் தட்டுக்கு நேரா கொண்டு வந்தாங்க, நான் வேண்டாங்க அத்தை, பருப்பு சேக்கக்கூடாதுன்னேன். "ஏங்கண்ணு, சோறுதான் ஆகாதுங்கற செரி, கொள்ளு கூடவா ஆகாது? எளச்சவனுக்கு எள்ளு கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க"ன்னாங்க. அன்னிக்கு ரெண்டு கரண்டி சோறில்லாம சாப்ட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு மீட்டர்ல பாத்தா சாப்பாட்டுக்கு முன்னாடி இருந்ததுக்கும் அதுக்கும் 18 தான் வித்தியாசம். முந்தின மாசம் மூணு இட்லிக்கு 80க்கு மேல ஏறுன அதே உடம்பு.

அங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. பேலியோல பயறு பருப்பு மொத்தமும் தடை, அதனால கார்ப்னு ஒன்ன நெனச்சாலே நம்ம மூளைக்கு சோறு, இட்லி, சப்பாத்தி மட்டும்தான் தோணுது. லோ ஜிஐல ராஜாவே பயறுதான். திரும்பி வர்ற பாதைய அங்க இருந்து போட்டா உடம்பு அதிராம வருது.

மாறுற முதல் ரெண்டு வாரம் என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, இல்லன்னா பயந்து விட்டுடுவீங்க. வெயிட் மெஷின்ல ஒன்னுல இருந்து ரெண்டு கிலோ ஏறும். கொழுப்பு இல்ல, தண்ணி. உடம்பு மாவுச்சத்த கல்லீரல்லயும் தசையிலயும் கிளைகோஜனா சேத்து வெக்கும், ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடயும் சுமாரா மூணு கிராம் தண்ணி சேந்து நிக்கும். லோ கார்ப்ல முதல் வாரத்துல சர்ருனு இறங்குன அதே தண்ணிதான் இப்ப திரும்பி வருது. இன்சுலின் கொஞ்சம் கூடும்போது கிட்னி உப்பையும் பிடிச்சு வெக்கும், அதனால மோதிரம் கொஞ்சம் இறுக்கமா தெரியலாம். லோ கார்ப்ல உப்பு அதிகம் சேத்துக்கிட்டு இருந்தவங்க அத இப்ப பழைய அளவுக்குக் கொண்டு வந்துடுங்க, பிரஷர் இருக்கறவங்க கண்டிப்பா.

இன்னொன்னு, ஆரம்பத்துல சுகர் ரீடிங் எதிர்பாத்தத விட அதிகமா காட்டலாம். ரொம்ப நாள் மாவுச்சத்து வராம இருந்த உடம்பு கொழுப்ப எரிக்கறதுக்கே பழகிப் போயிருக்கும், திடீர்னு குளுக்கோஸ் வந்தா அத கையாள கொஞ்ச நாள் எடுக்கும். குளுக்கோஸ் தண்ணி குடிச்சுட்டு பாக்குற டெஸ்டுக்குப் போறவங்கள மூணு நாள் முன்னாடி இருந்தே தினமும் 150 கிராமுக்குக் குறையாம மாவுச்சத்து சாப்டுங்கன்னு சொல்றது இதுக்குத்தான், இல்லன்னா சுகர் இல்லாதவங்களுக்கே இருக்கற மாதிரி காட்டிடும். அதனால ரெண்டாம் நாள் ரீடிங்க பாத்து எனக்கு இது ஒத்துக்காதுன்னு முடிவு பண்ணாதீங்க. அதுக்காக தினமும் 200க்கு மேல போறத பாத்துக்கிட்டு சும்மாவும் இருக்கக்கூடாது, அப்படிப் போனா டாக்டர்கிட்ட பேசணும்.

இப்ப வாரக் கணக்குக்கு வரேன். நான் எட்டு வாரம் எடுத்துக்கிட்டேன், உங்களுக்கு ஆறு ஆகலாம், பத்தும் ஆகலாம்.

முதல் ரெண்டு வாரம் வேற எந்த மாவுச்சத்தும் புதுசா சேக்காம, தினம் ஒரு வேள அரை கப் வேகவெச்ச பயறு. கொண்டக்கடலைனா அரை கப்ல மாவுச்சத்து 22 கிராம் வரும், அதுலயே ஆறு கிராம் நார்ச்சத்து. கருப்பு கொண்டக்கடலை, கொள்ளு, தட்டப்பயறு, பச்சப்பயறு, ராஜ்மா, மொச்ச, எது வீட்ல இருக்கோ அது. அதே நாள்ல பாதாம 100ல இருந்து 40க்கு இறக்குங்க, பட்டர் டீய விட்டுடுங்க. ரொம்ப நாள் பயறு சாப்டாத வயிறு, கேஸ் கண்டிப்பா வரும், முதல் நாலு நாள் ரெண்டு ஸ்பூன்ல ஆரம்பிங்க. 8ல இருந்து 12 மணி நேரம் ஊற வெச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணியில வேக வெச்சா கேஸ் நல்லாவே குறையும். பெருங்காயம், இஞ்சி, பூண்டு தாராளமா போடுங்க.

எங்க வீட்டு கொள்ளுப்பருப்ப சொல்லிடறேன், ஏன்னா இத ஒரு தடவ ஒழுங்கா செஞ்சு பாத்தா பேலியோவ விட்ட வருத்தமே இருக்காது. ஒரு டம்ளர் கொள்ள கல்லு பொறுக்கி வெறும் வாணலியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, கழுவி, ராத்திரி ஊற வெச்சுடுங்க. காலையில அந்தத் தண்ணிய ஊத்திட்டு குக்கர்ல நிறைய தண்ணி விட்டு ஆறேழு விசில். விரல்ல நசுக்குனா நசுங்கணும், ஆனா குழையக்கூடாது. வெந்த தண்ணிய வடிச்சு தனியா எடுத்து வெச்சா அது சாயங்காலத்துக்கு ரசம். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், சீரகம், மல்லி, வரமிளகா, கருவேப்பில இதையெல்லாம் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்ல வதக்கி, கொள்ளோட சேத்து, உப்பு போட்டு ஆட்டாங்கல்லுலயோ மிக்சியிலயோ ரெண்டே சுத்து. நைசா அரைக்கக்கூடாது, பாதி முழுசா பாதி மசிஞ்சு நிக்கணும். ருசிக்கும் அதுதான் நல்லது, சுகருக்கும் அதுதான் நல்லது, எது நைசா மாவா ஆகுதோ அது குடல்ல சீக்கிரம் கரைஞ்சு சீக்கிரம் ஏத்திடும். இத ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒரு பொரியல், ஒரு முட்டை, மோர். அவ்வளவுதான் மதியச் சாப்பாடு.

இந்தப் பயற முடிஞ்சா காலையில சாப்டுங்க. டொரன்டோவுல அதே ஜென்கின்ஸ் ஆளுங்க 1982ல கண்டது, காலையில மைசூர்ப்பருப்பு மாதிரி மெதுவா செரிக்கற சாப்பாடு சாப்ட்டா, அடுத்த வேள சாப்டுற சாப்பாட்டுக்கும் சுகர் ஏறுறது குறையுதுன்னு. நான் காலையில பச்சப்பயறு பெசரட்டு சாப்ட்ட நாள்ல மதியம் அரைக் கப் சோத்துக்கு வர்ற ரீடிங் நிஜமாவே கம்மியா இருக்குது, நோட்ல எழுதி வெச்சிருக்கேன்.

மூணாவது வாரம் பழமும் ஒதுக்கி வெச்ச காய்களும். கொய்யா ஒன்னு, இல்ல சின்ன ஆப்பிள் பாதி, இல்ல ஆரஞ்சு ஒன்னு, சாப்பாடோடயோ கொஞ்சம் வேர்க்கடலையோடயோ. ஜூஸ் மட்டும் எந்தக் காலத்துலயும் வேண்டாம், நார் போயிடுது, மூணு பழத்து சக்கரை ஒரே டம்ளர்ல இறங்கிடும். கேரட், பீட்ரூட், பச்சப் பட்டாணி எல்லாம் இப்ப தைரியமா சேக்கலாம். சோத்துக்குப் பதிலா துருவி சாப்டுற காலிஃப்ளவர் ரைஸ் பிடிச்சா வெச்சுக்கோங்க, பிடிக்காம தின்னுக்கிட்டு இருந்தவங்க விட்டுடுங்க. இந்த வாரத்துல பாதாம் 15, 20க்கு வந்துடணும்.

நாலாவது, அஞ்சாவது வாரம் தானியம். இங்கதான் எல்லாரும் வழுக்கறது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

புழுங்கலரிசி நல்லது, பச்சரிசிதான் கெட்டதுன்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு. புழுக்கும்போது மாவுச்சத்து இறுகுறதால பொதுவா புழுங்கல் கொஞ்சம் பரவால்லதான், ஆனா சென்னையில மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்காரங்க 2012ல நம்ம ஊர்ல சாப்டுற மூணு அரிசிய எடுத்து அளந்தப்ப பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77னு வந்துச்சு, மூணுமே ஹைதான். பாசுமதி பெரும்பாலும் 50ல இருந்து 60க்குள்ள நிக்குது, அதுல அமைலோஸ்ங்கற இறுக்கமான மாவுச்சத்து அதிகம். அதனால நான் வாரத்துல நாலு நாள் பாசுமதி, பொடி அரிசி இல்லாம முழு நீளம், கஞ்சி வடிச்சு உதிரி உதிரியா. குழைய வெச்சா அதே அரிசியோட ஜிஐ ஏறிடும்.

சோத்த ஆற வெச்சு சாப்டுறதும் உதவும். வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்துல ஒரு பகுதி செரிக்காத நார் மாதிரி இறுகிடும். 2015ல கொழும்புல காலேஜ் ஆஃப் கெமிக்கல் சயின்சஸ்ல படிச்ச சுதைர் ஜேம்ஸ்ங்கற மாணவரும் அவரோட பேராசிரியர் புஷ்பராஜா தவராஜாவும் அரை கப் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெய் விட்டு வேக வெச்சு 12 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சா இந்த செரிக்காத மாவு கூடுதுன்னு அமெரிக்க கெமிக்கல் சொசைட்டி கூட்டத்துல சொன்னாங்க. அது லேப்ல பாத்தது, இதக் கேட்டுட்டு ரெண்டு தட்டு சோறு சாப்டலாம்னு எடுத்துக்காதீங்க. முந்தின நாள் சோத்த உடனே ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அடுத்த நாள் நல்லா ஆவி வர சூடு பண்ணி அதே அரைக் கப் சாப்டுங்க. வெளிய மணிக்கணக்குல கிடந்த சோறு வேண்டாம், சூடு பண்ணாலும் போகாத கிருமி விஷம் அதுல உண்டு.

சிறுதானியம்னு சொன்னாலே சுகர் ஏறாதுன்னு நம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஐதராபாத்ல இருக்கற இக்ரிசாட்ங்கற பயிர் ஆராய்ச்சி நிலையம் 2021ல பழைய ஆராய்ச்சிகள தொகுத்துப் பாத்ததுல சிறுதானியங்களோட சராசரி ஜிஐ 52.7, தீட்டின அரிசியயும் மைதாவயும் விட நல்லாவே கம்மி. அது சந்தோஷமான செய்திதான். ஆனா சராசரிங்க. அதே கேழ்வரக நைசா அரைச்சு கஞ்சியா காய்ச்சி கருப்பட்டி போட்டு ஒரு சொம்பு குடிச்சா சர்ருனு ஏறும், எனக்கு ஏறிருக்கு, 70 பாயிண்ட். அதே அளவு ராகிய கெட்டியா களியா கிண்டி கீரக் கடைசலோட சாப்ட்டா 40. கம்பு, தினை, சாமைய முழுசா சோறா வடிச்சு சாப்டுங்க, மாவாக்காதீங்க. கடையில விக்கற சத்துமாவு ஹெல்த் மிக்ஸ் எல்லாம் வறுத்து நைசா அரைச்ச மாவு, பெரும்பாலும் சக்கரையோ வெல்லமோ சேந்தது, அத சுகர்காரங்களுக்கு நல்லதுன்னு நெனச்சு அம்மா அப்பாவுக்கு வாங்கிக் குடுக்காதீங்க தயவுசெஞ்சு. ஓட்ஸும் அப்படித்தான், முழு ஓட்ஸ் கஞ்சி 55, ரெண்டு நிமிஷத்துல ஆகுற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் 79. நாட்டுச்சக்கரை, வெல்லம், தேன் எதுவுமே விதிவிலக்கு இல்ல.

டிபன்னா இட்லிய வாரத்துல ஒரு நாளாக்கி, மத்த நாள் அடை, பெசரட்டு, கடலமாவு தோசைன்னு மாறிக்கிட்டேன். அடைக்கு நான் போடுற கணக்கு அரிசி ஒன்னுன்னா பருப்பு மூணு, கடலப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து, கொஞ்சம் கொள்ளு, கொரகொரன்னு அரைச்சு முருங்கக்கீரை நிறைய. ஒரு அடை கனமா போட்டா வயிறு நிக்கும். சப்பாத்திக்கு கோதுமை மாவுல நாலுல ஒரு பங்கு கடலமாவு சேத்துக்கறேன்.

தட்ட எப்படி சாப்டுறோம்ங்கறதும் முக்கியம், எனக்கு காசு செலவில்லாம அதிகம் உதவுனது இதுதான். நியூயார்க்ல வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில 2015ல 11 பேர வெச்சு பண்ண ஆராய்ச்சியில, காயும் கோழிக்கறியும் முதல்ல சாப்ட்டு கால் மணி நேரம் கழிச்சு பிரெட்டும் ஜூஸும் எடுத்தவங்களுக்கு, அதையே தலகீழா சாப்ட்டத விட சுகர் நல்லாவே கம்மியா ஏறுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா வீட்ல நீங்களே மீட்டர வெச்சு பாத்துடலாம். நம்ம தட்டுல எப்படின்னா, பொரியல், கூட்டு, முட்டையோ மீனோ முதல்ல, தனியா, ஒரு பத்து நிமிஷம் அத மட்டும். அப்புறம் அரைக் கப் சோத்துல கெட்டியா பருப்போ சாம்பாரோ, கடைசியா மோர். எப்பவும் சோத்த நடுவுல குவிச்சு குழம்ப ஊத்தி ஆரம்பிச்ச கைக்கு இது முதல் வாரம் என்னமோ மாதிரிதான் இருக்கும். சாப்ட்டு முடிச்சு பாத்திரத்த போட்டுட்டு மொட்டமாடியில பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, தச அந்த குளுக்கோஸ எடுத்துக்கும்.

மீட்டர் இல்லாம இந்த மாற்றத்த பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஒரே சாப்பாடு எனக்கு 30 ஏத்துனா உங்களுக்கு 60 ஏத்தலாம். பட்டியல்ல இருக்கற ஜிஐ எல்லாம் ஒரு பத்து பேரோட சராசரி மாதிரிதான். ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும், அதனால தினமும் குத்திக்க வேண்டாம், ஒரு புது சாப்பாடு சேக்கும்போது மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒன்னு, முதல் வாய்ல இருந்து ஒரு மணி நேரத்துல ஒன்னு, ரெண்டு மணி நேரத்துல ஒன்னு. கைய சோப்பு போட்டு கழுவி தொடைச்சுட்டு குத்துங்க, பழம் தொட்ட விரல்ல எடுத்தா தப்பா காட்டும். நான் 40 பக்க நோட்டு ஒன்னு சமையலறை அலமாரியிலயே வெச்சிருக்கேன், தேதி, என்ன சாப்ட்டேன், எத்தன கரண்டி, மூணு ரீடிங், நடந்தேனா இல்லையா. ரெண்டு மணி நேரத்துல 140க்குள்ள வந்துட்டா அந்த சாப்பாட்டுக்கு ஒரு டிக். சுகர் நாள்பட்டவங்களுக்கு டாக்டர் வேற அளவு சொல்லியிருந்தா அதுதான் உங்க கோடு. மூணு மாசத்துல என் டிக் பட்டியல்ல 23 ஐட்டம் சேந்துச்சு, இப்ப என்ன சமைக்கறதுன்னு யோசிக்கறதே இல்ல.

ஆறாவது வாரத்துல இருந்து என் ஒரு நாள் இப்படித்தான் போகுது. காலையில அடை ஒன்னும் தேங்கா சட்னியும், சக்கர இல்லாம காப்பி. பதினோரு மணிக்கு பசிச்சா மட்டும் கொய்யா. மதியம் பொரியல் ரெண்டு கப், முட்டையோ மீனோ, அரைக் கப் சோறு, கொள்ளுப்பருப்போ கெட்டி சாம்பாரோ, மோர். சாயங்காலம் சுண்டல் ஒரு கிண்ணம், இல்ல கொள்ளு ரசம் ஒரு டம்ளர். ராத்திரி ஏழரைக்குள்ள பன்னீரோ கோழியோ காயோட, ஒரு சப்பாத்தி, சில நாள் அதுவும் இல்லாம. மொத்த மாவுச்சத்து 120, 130 கிராம் வரும். சிலருக்கு 100லயே நிறுத்துறது சரியா இருக்கும், வேல கடுமையா செய்யறவங்களுக்கு 180 கூட தாங்கும், அத உங்க நோட்டுதான் சொல்லணும்.

கல்யாண வீட்டுக்குப் போனா நான் இப்ப பந்தியில உக்காந்து சாப்டுறேன். போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு கிண்ணம் சுண்டலோ ரெண்டு முட்டையோ சாப்ட்டுடுவேன். எலையில பொரியல், கூட்டு, அவியல முதல்ல முடிச்சுட்டு, சோறு ஒரு கரண்டி சாம்பாருக்கு, ஒரு கரண்டி ரசத்துக்கு. பாயசம் ரெண்டு ஸ்பூன் வாங்கி ருசி பாத்துட்டு எலைய மூடிடுவேன். அன்னிக்கு ஏறுனா ஏறட்டும், அடுத்த நாள் பட்டினி கிடந்து ஈடு கட்டாதீங்க, காலையில வழக்கமான பெசரட்டுக்கே வந்துடுங்க. பேலியோல சீட் பண்ணா ஒரு குற்ற உணர்ச்சி வருமே, அடுத்த மூணு நாள் வெறும் முட்டையில ஓட்டுவோமே, அந்தப் பழக்கத்த விடறதுதான் எனக்கு அரிசிய அளந்து சாப்டுறத விடவும் கஷ்டமா இருந்துச்சு.

எட்டு வாரம் முடிஞ்சும் வெயிட் ஏறிக்கிட்டே போனா முதல்ல எண்ணெய், நெய், பாதாம், தேங்கா இதோட கணக்க பாருங்க, பத்துல எட்டு பேருக்கு பழைய பேலியோ கை இன்னும் அங்கதான் தாராளமா இருக்கும். அதுவும் சரியா இருந்தா சோத்த நிறுத்தி பயற மட்டும் வெச்சுக்கிட்டு ரெண்டு வாரம் பின்னாடி போய் நில்லுங்க. பசி அடங்காம சாயங்காலம் இனிப்பு கேட்டா மதியத் தட்டுல புரோட்டீன் பத்தலைன்னு அர்த்தம், சுண்டல கூட்டுங்க இல்ல முட்டைய ரெண்டாக்குங்க.

மூணு மாசம் ஆனதும் ஹெச்பிஏ1சி, லிப்பிட் (கொழுப்பு டெஸ்டு), கிரியேட்டினின் (கிட்னி டெஸ்டு) எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா ஏ1சி பழைய சாப்பாட்டையும் சேத்துத்தான் காட்டும், ரத்தச் சிவப்பணு 120 நாள் வரைக்கும் வாழுறதால. எனக்கு ஏ1சி 5.9, எல்டிஎல் 171ல இருந்து 128, வெயிட் 68. பேலியோ கடைசியில எடுத்த ரிப்போர்ட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்த நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.